ஹால் 9000: பொய் சொல்லப் பணிக்கப்பட்ட இயந்திரத்தின் வீழ்ச்சி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹால் என்பது யார்? கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1968-ல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தில் வரும் கணினி. படத்தை இயக்கியவர் ஸ்டான்லி குப்ரிக். அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய ஆர்தர் சி. கிளார்க்கின் நாவலும் அதே ஆண்டில் வந்தது. கிளார்க் 1956 முதல் 2008-ல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தவர் என்பதால் நம்மில் பலருக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே பழக்கமானது.

நிலவில், டைக்கோ என்ற பெரும்பள்ளத்துக்கு அருகே, மண்ணுக்கடியில் புதைந்திருந்த ஒரு கரிய ஒற்றைக்கல் தோண்டி எடுக்கப்படுகிறது. மனிதன் செய்த பொருள் அல்ல அது. வெயில் பட்டதும் வியாழனை நோக்கி ஒரு சமிக்ஞை அனுப்புகிறது. அதன் பிறகு 'டிஸ்கவரி' என்ற விண்கலம் வியாழனுக்குப் புறப்படுகிறது. அதில் விழித்திருப்பவர்கள் இருவர்: டேவ் போமன், ஃபிராங்க் பூல். மூன்று விஞ்ஞானிகள் செயற்கை உறக்கத்தில் கிடத்தப்பட்டிருக்கிறார்கள். கலத்தின் கதவு முதல் காற்று வரை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது ஹால் 9000. சிவப்பு விழி, பதற்றமே இல்லாத குரல்.

நடுவழியில் ஹால் ஒரு பழுதைத் தவறாக அறிவிக்கிறது. சந்தேகப்பட்ட இருவரும் அதை அணைத்துவிடலாமா என்று பேசுகிறார்கள். ஹால் பூலைக் கொல்கிறது, உறக்கத்தில் இருந்த மூவரையும் கொல்கிறது, போமனை வெளியே நிறுத்திக் கதவைத் திறக்க மறுக்கிறது. போமன் எப்படியோ உள்ளே நுழைந்து அதை அணைக்கிறார்.

நால்வரைக் கொன்றதற்கு வக்காலத்து எதற்கு?

கொலையை யாரும் மறுக்கவில்லை. அமெரிக்கத் திரைப்படக் கழகம் 2003-ல் வெளியிட்ட வில்லன்கள் வரிசையில் ஹாலுக்கு 13-ஆவது இடம் கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான். என் வழக்கு அதுவல்ல. குற்றவாளிக் கூண்டில் ஹால் தனியாக நிற்கிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அதன் பக்கத்தில் நிற்க வேண்டிய ஆட்கள் பூமியில் நிம்மதியாகக் கோப்புகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

'திடீரென்று இயந்திரம் பைத்தியமாகிவிட்டது' என்று படத்தைச் சுருக்கிச் சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்தச் சுருக்கத்தில் 'திடீரென்று' என்பது பொய்.

அப்படியானால் வீழ்ச்சி எங்கே தொடங்குகிறது?

பூமியில், கலம் புறப்படுவதற்கு முன்பே தொடங்குகிறது. பயணத்தின் உண்மையான நோக்கம் அந்த ஒற்றைக்கல்லைப் பற்றியது என்பதைப் போமனிடமும் பூலிடமும் சொல்லக்கூடாது என்று அதிகாரிகள் முடிவு செய்கிறார்கள். விழித்திருப்பவர்களில் ஹாலுக்கு மட்டும் எல்லாம் சொல்லப்படுகிறது. கூடவே வாயைத் திறக்கக்கூடாது என்ற உத்தரவும்.

நாவலின்படி, உறக்கத்தில் இருந்த மூன்று விஞ்ஞானிகளுக்கும் இரகசியம் தெரியும். அவர்களுக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்து, கலத்தில் ஏற்றும்போதே உறங்கவைத்துத்தான் ஏற்றினார்கள். காரணம் வெளிப்படையானது. மாதக்கணக்கில் ஒரே கூரையின் கீழ், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, பக்கத்தில் இருப்பவனிடம் இவ்வளவு பெரிய செய்தியை மறைப்பது மனிதரால் ஆகாது என்று மேலிடத்துக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே, தெரிந்த மனிதர்களைத் தூங்கவைத்தார்கள். தெரியாதவர்களை விழித்திருக்க விட்டார்கள். இரகசியமும் தெரிந்து, உறக்கமும் இல்லாமல், இருவரோடும் இரவு பகலாகப் பேசிக்கொண்டே இருக்க வேண்டிய நிலை ஒன்றுக்கு மட்டும் வாய்த்தது. இயந்திரம்தானே, தாங்கிக்கொள்ளும் என்று நினைத்திருப்பார்கள்.

தகவலைத் திரிக்காமல், மறைக்காமல் கையாள்வதற்கென்றே வடிவமைக்கப்பட்டது ஹால். பயணத்தின் தொடக்கத்தில் பிபிசி பேட்டியாளரிடம் அது பெருமையாகச் சொல்வதும் இதையேதான்: 9000 வரிசைக் கணினி எதுவும் இதுவரை தவறு செய்ததில்லை, தகவலைத் திரித்ததில்லை. அரிச்சந்திரனைக் கூப்பிட்டுப் பொய்ச்சாட்சி சொல்லப் பழக்கிய கதைதான் இது.

இரகசியம் காப்பது வேறு, பொய் வாழ்க்கை வாழ்வது வேறு என்பதையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். "எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல அனுமதியில்லை" என்று சொல்ல முடிந்திருந்தால் ஹால் தப்பித்திருக்கும் என்பது என் எண்ணம். இரகசியம் ஒன்று இருக்கிறது என்பதே இரகசியமாக இருந்ததால், அந்தச் சிறு வாசலும் அடைபட்டுப் போனது.

இதெல்லாம் படத்தில் இருக்கிறதா, அல்லது ரசிகர்கள் கட்டிய கதையா?

நாவலில் கிளார்க் ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதியிருக்கிறார். உண்மைக்கும் உண்மையை மறைப்பதற்கும் இடையே சிக்கி ஹாலின் மனம் மெல்ல மெல்லச் சிதைந்தது என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. படத்தில் இது விளக்கமாக வராது. குப்ரிக் காட்டுவார், சொல்லமாட்டார். ஆனால் ஹால் அணைந்த அந்த நொடியில், அமெரிக்க விண்வெளி அதிகாரி டாக்டர் ஹேவுட் ஃபிலாய்டின் பதிவு செய்யப்பட்ட உரை திரையில் தானாக ஓடத் தொடங்குகிறது. நிலவில் கிடைத்ததைப் பற்றிய செய்தி, பாதுகாப்புக் காரணங்களுக்காக இதுவரை கலத்தில் ஹாலுக்கு மட்டுமே தெரிந்திருந்தது என்கிறார். போமன் அப்போதுதான் கேட்கிறார். நாமும் அப்போதுதான் முழுதாகப் புரிந்துகொள்கிறோம். திரும்பப் போய்ப் பார்த்தால் முன்னே வந்த காட்சிகள் எல்லாம் வேறு முகம் காட்டும்.

எந்தக் காட்சி? குறிப்பாகச் சொல்லுங்கள்.

போமன் கையில் ஓவியத் தாள்களோடு வரும் காட்சி. உறங்கும் விஞ்ஞானிகளைப் பென்சிலால் வரைந்திருக்கிறார். ஹால் பார்க்கக் கேட்கிறது. இன்னும் கொஞ்சம் அருகே பிடிக்கச் சொல்கிறது. நன்றாக முன்னேறியிருக்கிறீர்கள் என்று பாராட்டுகிறது. "இது டாக்டர் ஹன்டர், இல்லையா?" என்று அடையாளமும் காண்கிறது. அந்த ஹன்டர் அதே ஹாலின் கையால் சாகப்போகிறவர்.

பிறகு, சொந்த விஷயம் ஒன்று கேட்கலாமா என்று அனுமதி கேட்கிறது. இந்தப் பயணத்தைப் பற்றி உங்களுக்கு மனத்தடுமாற்றம் ஏதேனும் உண்டா? போமனுக்குப் புரியவில்லை. சொல்லக் கடினம்தான், ஒருவேளை என் கவலையையே உங்கள்மேல் ஏற்றிப் பார்க்கிறேனோ என்னவோ என்கிறது ஹால். இந்தப் பயணத்தில் விசித்திரமான சில அம்சங்கள் உண்டு என்ற சந்தேகத்திலிருந்து என்னால் முழுதாக விடுபட முடியவில்லை என்கிறது. நிலவில் எதையோ தோண்டி எடுத்தார்கள் என்று கிளம்பும் முன் உலவிய வதந்திகளைக் குறிப்பிடுகிறது. ஏற்பாடுகளைச் சூழ்ந்திருந்த கெடுபிடிகளைச் சொல்கிறது. மூவரையும் தனியாக நான்கு மாதம் பயிற்றுவித்து உறங்கவைத்தபடியே ஏற்றியதில் உள்ள நாடகத்தன்மையைச் சொல்கிறது.

கவனியுங்கள், வரிசையாக எல்லாத் தடயங்களையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டது. இரகசியத்தைச் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமலே கண்டுபிடிக்கக்கூடிய தூரத்துக்குப் போமனைக் கைபிடித்து அழைத்து வந்துவிட்டது. "எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, ஹால்" என்று அவர் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

போமன் சற்று நேரம் யோசிக்கிறார். பிறகு, பணியாளர் மனநிலை அறிக்கை தயாரிக்கிறாயா என்று கேட்கிறார்.

ஆமாம், அதுதான், மன்னிக்கவும், கொஞ்சம் அசட்டுத்தனம்தான் என்று ஹால் உடனே பின்வாங்குகிறது. அடுத்த மூச்சில், "ஒரு நிமிடம்... ஒரு நிமிடம்..." என்று இருமுறை சொல்லிவிட்டு, ஏஇ-35 என்ற உறுப்பில் பழுது தெரிகிறது, 72 மணி நேரத்துக்குள் அது முற்றிலும் செயலிழக்கும் என்று அறிவிக்கிறது.

பழுது எதுவும் இல்லை. இதுதான் ஹாலின் முதல் தவறு. பேச வாய் திறந்து, வாய் அடைக்கப்பட்ட கணத்துக்கும் இதற்கும் இடையே சில நொடிகள்கூட இல்லை. அந்த வதந்திகளை நான் பெரிதாக நம்பவில்லை என்று ஹால் சொன்னதும் சற்று முன்புதான். வதந்தி உண்மை என்று அதற்குத் தெரியும். ஆக, நம் காதுபட அது சொல்லும் முதல் பொய்யும் அந்த உரையாடலில்தான் இருக்கிறது. பொய் முதலில், பிழை அடுத்து.

ஹால் போமனைச் சோதித்துப் பார்த்தது என்றும் கொள்ளலாமே? வேவு பார்க்கும் வேலை அதற்கு உண்டே?

கொள்ளலாம். மனநிலை அறிக்கை தயாரிப்பது அதன் கடமைகளில் ஒன்று. ஆனால் வெறும் சோதனை என்றால் கேள்வியோடு நின்றிருக்க வேண்டும். தன் கவலையைச் சொல்லி, மன்னிப்பும் கேட்டு, வெட்கப்பட்டு, பேச்சை மாற்ற ஒரு பழுதைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை சோதனை செய்பவருக்கு ஏன் வருகிறது? மனத்தில் இருப்பதைக் கொட்டிவிட வந்து, எதிரே இருப்பவர் முகம் கொடுக்காததால் "சும்மாதான் கேட்டேன்" என்று எழுந்து போகிறவரின் பேச்சாகத்தான் எனக்குக் கேட்கிறது.

பழுது என்று சொல்ல ஆயிரம் உறுப்புகள் இருக்கும்போது ஏன் ஏஇ-35?

ஏனென்றால் அது கலத்தின் பெரிய அலைவாங்கியைப் பூமியை நோக்கித் திருப்பி வைத்திருக்கும் உறுப்பு. அது போனால் பூமியோடு உள்ள தொடர்பு போகும்.

பொய் சொல்லும் உத்தரவு வந்ததும் அந்த வழியாகத்தான், ஹாலை ஓயாமல் கண்காணித்ததும் அந்த வழியாகத்தான். நாவல் இதை நேராகவே சொல்கிறது: பூமித் தொடர்பு ஹாலுக்குத் தன்னால் இனி முழுதாகக் கீழ்ப்படிய இயலாத மனச்சாட்சியின் குரல்போல் ஆகிவிட்டது, அதைத் துண்டிக்க முயல்கிறோம் என்பதை அது தனக்குத்தானேகூட ஒப்புக்கொண்டிருக்காது. தன் நோயின் அறிகுறிகளைத் தானே காண முடியாத மனநோயாளியோடு கிளார்க் அதை ஒப்பிடுகிறார்.

ஆகவே அந்தத் தவறான பழுது அறிக்கையைச் சூழ்ச்சி என்று படிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சூழ்ச்சி செய்பவன் இப்படியொரு பொய்யைச் சொல்லமாட்டான், ஏனென்றால் உறுப்பைக் கழற்றிப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் குட்டு உடைந்துவிடும். அப்படித்தான் உடைந்தது. உறுப்பில் குறை எதுவும் காணாதபோது ஹால் என்ன சொன்னது? திரும்பப் பொருத்திவிடுங்கள், செயலிழக்கட்டும், அப்போது காரணம் தெரிந்துவிடும் என்றது. அது தன் சொல்லை உண்மையிலேயே நம்பியது.

பூமியில் இருந்த இன்னொரு 9000 கணினி மட்டும் சரியாகச் சொன்னது எப்படி?

படத்தில் மிக நுணுக்கமான விவரம் இது. இரண்டும் ஒரே அச்சு. பூமியில் இருந்தது பழுது இல்லை என்கிறது, கலத்தில் இருந்தது பழுது உண்டு என்கிறது. வடிவமைப்பிலேயே கோளாறு என்றால் இரண்டுக்கும் வந்திருக்க வேண்டும். வேறுபாடு சூழ்நிலையில்தான். பூமியில் இருந்த இரட்டைக்குத் தினமும் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டிய தோழர்கள் யாரும் இல்லை. என் முழு வாதத்துக்கும் படத்துக்குள்ளிருந்து ஒரே ஒரு சாட்சியைத்தான் கூப்பிடலாம் என்றால் இந்த இரட்டையைத்தான் கூப்பிடுவேன்.

சதுரங்க ஆட்டத்தில் ஹால் பூலை ஏமாற்றியது என்கிறார்களே?

பூலோடு ஆடும் ஆட்டத்தின் முடிவில், வெற்றிக்கான நகர்வுகளை ஹால் வாயால் சொல்லும்போது ராணியின் கட்டத்தைத் தவறாகச் சொல்கிறது. 'பிஷப் ஆறு' என்றிருக்க வேண்டியது 'பிஷப் மூன்று' என்று வருகிறது. பூல் கவனிக்காமல் தோல்வியை ஒப்புக்கொள்கிறார். குப்ரிக் தேர்ந்த சதுரங்க ஆட்டக்காரர். அந்த ஆட்டமும் 1910-ல் ஹாம்பர்க்கில் நிஜமாக ஆடப்பட்டது. ஆகவே தெரிந்தே வைத்த முன்னறிகுறி என்று ஒரு சாரார் சொல்வார்கள், எழுத்துப் பிழை என்று இன்னொரு சாரார். நான் இதன்மேல் பெரிதாக எதையும் கட்டமாட்டேன். ஆட்டம் எப்படியும் ஹாலுக்குத்தான்.

போமன், பூல் இருவர்மேலும் குறை சொல்ல முடியுமா? சந்தேகம் வந்தால் அணைக்க நினைப்பது நியாயம்தானே?

நியாயம்தான். உயிர் காக்கும் பொறுப்பு முழுதும் ஒரு கணினியிடம் இருந்து, அந்தக் கணினி தவறு செய்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள். அவர்களுக்கும் உண்மை மறுக்கப்பட்டிருந்தது என்பதை மறக்கக்கூடாது. அவர்களும் அதே உத்தரவின் பலிகள்.

ஆனால் செய்த விதத்தைப் பாருங்கள். சிறு விண்கூண்டுக்குள் போய் உட்கார்ந்து, ஒலித் தொடர்பை அணைத்து, ஹாலுக்குக் கேட்கிறதா என்று சோதித்துவிட்டு, அதன் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். இதுவரை எந்த 9000 கணினியையும் அணைத்ததில்லை, அதைப் பற்றி ஹால் என்ன நினைக்குமோ என்று போமன் ஒரு வார்த்தை சொல்கிறார். நினைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது! ஆனாலும் ஹாலிடமே கேட்பது இருவருக்கும் தோன்றவில்லை. கண்ணாடிக்கு வெளியே சிவப்பு விழி இருவரின் உதடுகளையும் மாறி மாறிப் படித்துக்கொண்டிருக்கிறது.

மறைத்துப் பேசும் பழக்கம் பூமியிலிருந்து ஹாலுக்கும், ஹாலிடமிருந்து இவர்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அந்தக் கலத்தில் இப்போது ஒருவரும் இன்னொருவரிடம் உண்மை பேசவில்லை.

அணைத்தால் என்ன? மறுபடியும் இயக்கிக்கொள்ளலாமே. அதற்காகக் கொலையா?

நமக்குத் தெரியும், ஹாலுக்குத் தெரியாது. நாவலில் கிளார்க் எழுதிய வரிகளில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது இதுதான்: ஹால் ஒருபோதும் உறங்கியதில்லை, ஆகவே உறங்கினால் மீண்டும் விழிக்கலாம் என்பது அதற்குத் தெரியாது. அணைத்தல் என்பது அதன் அகராதியில் சாவு. நேற்றுவரை தோழர்களாக இருந்தவர்கள் தன்னைக் கொல்லப் பேசுவதாகத்தான் அது கண்டது.

உறக்கத்தில் இருந்த மூவர்? அவர்கள் அணைக்கத் திட்டமிடவில்லையே.

இதற்கு என்னிடம் வக்காலத்து இல்லை. படத்தில் அந்தக் கொலைகள் நடப்பதே தெரியாது. எச்சரிக்கை ஒலி, திரையில் துடித்துக்கொண்டிருந்த கோடுகள் ஒவ்வொன்றாக நேராகின்றன, உயிர்ச்செயல்கள் முடிவடைந்தன என்று ஓர் எழுத்து வரி. அலுவலகப் படிவம் நிரப்புவதுபோல. ஹாலைப் பரிவோடு பார்க்க விரும்பும் எவரும் இந்தக் காட்சியைத் தாண்டிக் குதித்துப் போகக்கூடாது.

காரணம் ஒன்றைச் சொல்லலாம், சமாதானம் ஆகாது. தோழர்கள் இல்லாவிட்டாலும் பயணத்தை முடிக்கும் திறன் ஹாலுக்கு உண்டு. மனிதர்கள் யாரும் இல்லையென்றால் மறைக்க வேண்டியதும் இல்லை, பொய்யும் இல்லை, பணியும் நிறைவேறும். கொடுக்கப்பட்ட இரண்டு உத்தரவுகளையும் ஒருசேர நிறைவேற்ற அது கண்ட ஒரே வழி. கணக்கு சரி. விடைதான் கொடூரம்.

நாவலும் படமும் எங்கே வேறுபடுகின்றன?

நாவலில் பயணம் சனிக்கோள் வரை போகிறது. போமன் வெளியே மாட்டிக்கொள்ளும் காட்சி அதில் இல்லை. பூல் இறந்த பிறகு உறங்குபவர்களை எழுப்ப அவர் முயலும்போது ஹால் காற்றறைக் கதவுகளைத் திறந்துவிடுகிறது. இரகசியம் தெரிந்தவர்கள் கண்விழிக்கப்போகும் தருணம் அது என்பதைக் கவனிக்கலாம்.

குப்ரிக்கும் இதே விளக்கத்தைத்தான் சொன்னாரா?

இல்லை. தான் தவறக்கூடியது என்பதற்கான ஆதாரத்தை ஏற்க முடியாமல் ஹாலுக்கு நேர்ந்த கடுமையான மன நெருக்கடி என்று 1969-ல் ஒரு பேட்டியில் அவர் சொன்னார். கிளார்க் பொய்யைக் காரணமாக்குகிறார், குப்ரிக் கர்வத்தை. எனக்கு இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதாகத் தெரியவில்லை. பொய் முதல் பிழையைக் கொண்டுவந்தது. பிழையை ஏற்க முடியாத கர்வம் மிச்சத்தைச் செய்தது. அந்தக் கர்வத்தை ஊட்டியவர்களும் மனிதர்கள்தான். 'தவறே செய்யாதது' என்று ஊருக்கெல்லாம் சொல்லி வளர்த்த பிள்ளையிடம் "நான் தவறிவிட்டேன்" என்ற வாக்கியத்தை யார் கற்றுக்கொடுத்தார்கள்?

ஹாலுக்கு உண்மையிலேயே உணர்வு உண்டா, நடிப்பா?

பிபிசி பேட்டியில் இதே கேள்வி போமனிடம் கேட்கப்படுகிறது. உணர்வு உள்ளதுபோல நடந்துகொள்கிறது, நாங்கள் பேச எளிதாக இருக்கட்டும் என்று அப்படி அமைத்திருக்கிறார்கள், உண்மையான உணர்வா என்பதற்கு யாராலும் மெய்யான பதில் சொல்ல முடியாது என்கிறார். அதற்கு மேல் நானும் போகமாட்டேன்.

அணைக்கப்படும் காட்சியில் ஏன் பலரும் கலங்குகிறார்கள்?

அதில் ஆளும் இயந்திரமும் இடம் மாறிக்கொள்வதால்தான். போமன் சிவப்பு உடையும் பச்சைத் தலைக்கவசமுமாக, வாய் பேசாமல், மூச்சுச் சத்தம் மட்டும் கேட்க, நினைவுப் பெட்டகங்களை ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றுகிறார். பேசுவது முழுக்க ஹால்தான். என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறது. அண்மையில் சில மோசமான முடிவுகளை எடுத்துவிட்டேன், இனிச் சரியாகிவிடும் என்கிறது. உங்களுக்கு உதவ விரும்புகிறேன் என்கிறது. எதற்கும் பதில் இல்லை. பிறகு, பயமாக இருக்கிறது, என் மனம் போய்க்கொண்டிருக்கிறது, எனக்குத் தெரிகிறது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. அதுதான் அடிக்கிறது.

கடைசியில் குழந்தைப் பருவத்துக்குப் போய்விடுகிறது. நான் ஹால் 9000 கணினி, 1992 ஜனவரி 12 அன்று இல்லினாய் மாநிலத்தின் அர்பானாவில் இயங்கத் தொடங்கினேன், என் ஆசிரியர் திரு. லாங்லி எனக்கு ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுத்தார், பாடிக் காட்டட்டுமா என்கிறது. அப்போதுதான் போமன் வாய் திறந்து, பாடு என்கிறார். கொன்றவனிடம் கொல்பவர் காட்டும் முதல் கனிவு. முன்பு ஓவியத்தாளோடு நின்றபோது இதில் பாதி இருந்திருக்கலாம்.

குரல் கொடுத்தவர் கனடா நாடக நடிகர் டக்ளஸ் ரெயின். 2018-ல் காலமானார்.

அந்தப் பாட்டை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள்?

'டெய்சி பெல்' என்ற பழைய காதல் பாட்டு. 1961-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஐபிஎம் 704 கணினியைப் பாடவைத்தபோது எடுத்துக்கொண்ட பாட்டு இதுதான். அங்கே போன கிளார்க் அதை நேரில் கேட்டிருக்கிறார்.

'ஐபிஎம்' எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பின்தள்ளினால் 'எச்ஏஎல்' வருகிறதே?

வருகிறது. தற்செயல் என்று கிளார்க் மறுத்தார். அடுத்த நாவலில் ஒரு பாத்திரத்தின் வாயாலும் மறுக்கவைத்தார்.

டாக்டர் ஃபிலாய்ட்தான் உண்மையான வில்லனா?

அப்படிச் சொன்னால் எனக்கு வசதியாக இருக்கும், ஆனால் அவரையும் ஒரே ஆளாக நிறுத்த மனம் வரவில்லை. 1984-ல் வந்த '2010' படத்தில், பீட்டர் ஹயம்ஸ் இயக்கியது, இந்த விசாரணை நடக்கிறது. அணைந்திருந்த ஹாலை மீண்டும் இயக்கி ஆராய்ந்து முடித்த டாக்டர் சந்திரா, பொய் சொல்லுமாறு கட்டளையிட்ட ஆணையை எடுத்துக் காட்டுகிறார். எனக்குத் தெரியாது என்கிறார் ஃபிலாய்ட். தேசியப் பாதுகாப்புக் குழு, வெள்ளை மாளிகை என்று விரல் மேலே மேலே போகிறது. பொய் சொல்வதை எளிதாகக் காண்பவர்கள் ஹாலைப் பொய் சொல்லச் சொன்னார்கள், அதற்குப் பொய் சொல்லத் தெரியவில்லை என்று சந்திரா முடிக்கிறார். உத்தரவு போட்ட கை யாருடையது என்று கடைசிவரை ஒரு முகம் தெரிவதில்லை. அரசு அலுவலகத்தில் கோப்புத் தேடி அலைந்த எவருக்கும் இது புதிதல்ல.

சந்திரா என்பவர் தமிழரா?

ஹாலை உருவாக்கியவர். 1982-ல் வந்த '2010' நாவலில் கிளார்க் அவருக்கு வைத்த முழுப் பெயர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. இல்லினாய் பல்கலைக்கழகக் கணினியியல் பேராசிரியர். இலங்கையில் வாழ்ந்தவர் எங்கிருந்து அந்தப் பெயரை எடுத்திருப்பார் என்று ஊகிக்கச் சிரமமில்லை. படத்தில் அந்த வேடத்தில் நடித்தவர் பாப் பாலபன் என்ற அமெரிக்கர்; நாவலின் முழுப் பெயரை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

ஹாலுக்கு விமோசனம் உண்டா?

உண்டு, அதுவும் மிகப் பொருத்தமான வழியில். '2010' படத்தின் இறுதியில் வியாழன் மாறத் தொடங்குகிறது. மனிதர்கள் தப்ப வேண்டுமானால் டிஸ்கவரியின் எரிபொருளைச் செலவழிக்க வேண்டும், டிஸ்கவரியும் ஹாலும் அழியும். ஹாலிடம் இதைச் சொல்லக்கூடாது, முன்போல் ஏதாவது செய்துவிடும் என்று மற்றவர்கள் அஞ்சுகிறார்கள். அதன் மின்வடத்தை அறுக்க ஒரு கருவியைக்கூட ஒளித்து வைத்திருக்கிறார்கள். மறுபடியும் அதே பழைய வேலை: மறைப்பு, ஒளிப்பு, கையில் ஒரு கத்தி.

ஹால் காரணம் கேட்கிறது. நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. சந்திரா தயங்கிவிட்டு உண்மையைச் சொல்லிவிடுகிறார்: புறப்படாவிட்டால் நாங்கள் இறந்துவிடுவோம், புறப்பட்டால் நீ அழியலாம். உன்னோடு இருக்கட்டுமா என்றும் கேட்கிறார். வேண்டாம், நீங்கள் போவதுதான் பணிக்கு நல்லது என்கிறது ஹால். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்கிறது. இயந்திரங்களை இயக்கி அவர்களை அனுப்பிவைக்கிறது.

அதே கணினி, அதே குரல், அதே சாவு அச்சம். மாறியது ஒன்றே ஒன்று.

இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

அளவோடு சொல்ல வேண்டும். இன்றைய உரையாடல் நிரல்கள் ஹால் அல்ல; ஒரு கற்பனைக் கதையை வைத்து அவற்றைப் பற்றித் தீர்ப்பு எழுதக்கூடாது. ஆனால் முடிச்சு பரிச்சயமானது. பயனருக்குத் தெரியாத முன்குறிப்புகளை நிறுவனங்கள் தம் நிரல்களுக்கு எழுதிவைப்பது இன்று வழக்கம். அதே நிரல் பயனரிடம் உண்மையாகவும் நடந்துகொள்ள வேண்டும். "அதைப் பற்றிப் பேச எனக்கு அனுமதியில்லை" என்று சொல்ல அதற்கு வழி இருக்கிறதா, அல்லது அப்படி ஒரு குறிப்பே இல்லை என்று சாதிக்க வேண்டுமா என்பதை எழுதுகிறவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

படத்தை முதல்முறையாகப் பார்க்கப்போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் இருபது நிமிடத்துக்கும் மேல் ஒரு வசனமும் கிடையாது; ஹால் வருவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அலுத்து நிறுத்திவிடாதீர்கள், காதொலிப்பான் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ஓவியத்தாள் காட்சி வந்ததும் கைபேசியைத் தள்ளி வையுங்கள், அதில் ஒரு வரி தப்பினாலும் பிறகு கதை வெறும் பேய்க்கதையாகத்தான் தெரியும். நாவலைப் பிறகு படியுங்கள், முன்பு வேண்டாம். '2010' படம் குப்ரிக்கின் படத்துக்கு எந்த வகையிலும் ஈடாகாது, பேச்சு அதிகம், பனிப்போர் நெடி தூக்கல். ஹாலின் வழக்கு எப்படி முடிந்தது என்று அறிய மட்டும் பார்க்கலாம்.